குறித்துக்கொண்டோம்

மண்டப வாசலில் என் தோளில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. தறிப் பஞ்சு. நான் தட்டவில்லை. நீங்கள்தான் தட்டிவிடுவீர்கள்; "நாம பல்லடத்துக்காரங்கன்னு பேச்சுல தெரியோணும், பஞ்சுல தெரியக் கூடாதுங்க" என்பீர்கள். பஞ்சோடேயே உள்ளே போனேன்.

மின்கட்டணத்தை உயர்த்துவதற்கு முன்னால் ஒழுங்குமுறை ஆணையம் கோவைக்கு வந்து இந்த மாதிரி மண்டபத்தில் கருத்துக் கேட்கும். ஒவ்வொரு தடவையும் நாம் இருவரும் பஸ் ஏறிப் போய்ப் பேசிவிட்டு வருவோம். நான் கட்டணத்தைக் குறைக்கச் சொல்வேன். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நீங்கள் மட்டும் ஆணையத்தையே திருத்தப் பார்த்தவர். கடைசியில் வரும் உத்தரவில் நம் பேச்சுக்கெல்லாம் ஒரே பதில்தான் இருக்கும்: குறித்துக்கொள்ளப்பட்டது. அந்தச் சொல்லை எடுங்கள், ஏற்கிறோம் என்றோ மறுக்கிறோம் என்றோ காரணத்தோடு எழுதுங்கள், அதை விதியாகவே வையுங்கள் என்று கேட்டீர்கள். உங்கள் தறிகளில் பாதி நின்றுபோன வருடமும் இதையேதான் கேட்டீர்கள்.

"ஏனுங்க, பில்லை உட்டுப்போட்டு ஒரு சொல்லுக்குச் சண்டை போடறீங்களே" என்று கேலி செய்தேன்.

"முடியாதுன்னா எதுக்குன்னு கேட்கலாமுங்க. குறிச்சுக்கிட்டோம்னா என்னத்தைக் கேட்கறது?" என்றீர்கள்.

போன மாதம் உங்கள் மகள் போனில் விஷயத்தைச் சொன்னபோது "சரி கண்ணு" என்றேன். உங்களை எடுக்கும்போதும் அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. சாப்பிடுகிறேன், தறி ஓட்டுகிறேன்.

இன்று ஒலிபெருக்கியில் உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீங்கள் முன்பே மனு அனுப்பியிருந்தது எனக்குத் தெரியாது. எழுந்து மைக்குக்குப் போனேன்.

"அவர் போன மாசம் தவறிட்டாருங்க."

நடுவில் இருந்த அதிகாரி தலை நிமிராமல், "குறித்துக்கொண்டோம்" என்றார். பழக்கத்தில் வந்த சொல். சொன்ன பிறகு அவருக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

உங்கள் கோரிக்கையைச் சொன்னேன். அவர் அதையும் தாளில் குறித்தார். "ஆகும், ஆகாது, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. அவருக்குப் போய்ச் சொல்லோணும்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. மண்டபமே என்னைப் பார்த்தது. அவர் பதில் சொல்வதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த தடவையும் போவேன். என் பில்லைப் பற்றிப் பேச மாட்டேன், உங்கள் கேள்வியைத்தான் கேட்பேன். நீங்கள் போய்விட்டீர்கள் என்பதை மட்டும் நானும் குறித்துத்தான் வைத்திருக்கிறேன். இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லைங்க.