இரு நர்சுகள் தாங்க

9 ஜனவரி 1958, வியாழன்
மேரி என்கிற நகராட்சி மன்றத்தில் தண்ணீர் வரிக் கூட்டம். பதினொரு பேர் பேசினார்கள். முடிவு ஒன்றும் இல்லை. பத்திரிகைக்கு எட்டு வரியில் எழுதி மதியத் தபாலில் சேர்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது என்கூடப் பிறந்த லாத்தா லுஹர் தொழுதுகொண்டிருந்தாள். ஸஜ்தாவுக்குக் குனிந்தவள் நிமிரவில்லை. நெற்றி தரையில், ஒரு கை காற்றில். வேலைக்கு வரும் மாரிக்கண்ணுவும் நானும் சேர்ந்து தூக்கினோம்.

"உள்ளே எவனோ உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறான் தம்பி."

கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்புக்கு ஆணி அடித்துப் பத்து மாதம் ஆகிறது. நாற்காலியில் உட்கார்ந்து தொழ மார்க்கத்தில் இடம் உண்டு என்றேன்.

"துரை மாதிரி உட்கார்ந்துக்கிட்டா? மௌத்தாகிற வரைக்கும் என் நெத்தி தரையிலதான்."

11 ஜனவரி, சனி
ஆபரேஷன் செய்த டாக்டர் நடராசனிடம் காட்டக் கும்பகோணம் போனோம். அம்பகரத்தூர் ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் லாத்தா டிரைவரின் தாயாரை விசாரித்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு அருமையா கூடியிருக்கு."

"பின் ஏன் வலி?"

தொடையெலும்பின் தலை ஒரு பந்து. அது சுழல்வது ஒரு கிண்ணத்தில். இரண்டின் மேலும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். அது படத்தில் விழாது. பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே தெரிகிற இடைவெளிதான் அது. லாத்தாவின் படத்தில் இடைவெளி இல்லை. எலும்பின் மேல் எலும்பு. போதாததற்கு ஆணியின் முனை பந்தைத் தாண்டிக் கிண்ணத்தில் உரசுகிறது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இந்த வயதில் விழுந்த அன்றே குருத்து நசுங்கியிருக்கும், ஆபரேஷன் அன்றே சந்தேகம்தான் என்றார்.

ஏன் சொல்லவில்லை?

"நீங்க கேட்டது, நடப்பாங்களான்னு. நடந்தாங்களே! நீங்களே எழுதினீங்களே!"

சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் என் செய்தியை.

17 ஜனவரி, வெள்ளி
குரும்பகரத்திலிருந்து ஓர் ஆள், முத்தையன் என்று பெயர். விவசாயி. பொங்கலன்று அவனுடைய அம்மா விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். பேப்பர் ஏஜெண்ட் என் வீட்டைக் காட்டியிருக்கிறார். மடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தான். மடிப்பில் கிழிந்திருந்தது. அதே செய்தி: 'எழுபது வயது மூதாட்டிக்கு இடுப்பில் ஆணி. பத்தாம் நாள் ஆறு அடி நடந்தார்.'

"திங்கக்கெழமை கும்பகோணம் கொண்டுபோறேன் பாய். அதுக்கு முன்ன அந்த அம்மாவை ஒரு தரம் பார்க்கணும். நடக்கிறதைக் கண்ணால பார்த்துட்டா எங்கம்மாவுக்குத் தைரியம் சொல்லிடுவேன்."

ஊரில் இல்லை என்றேன்.

அவன் போனதும் திரைக்குப் பின்னாலிருந்து குரல். "நான் எந்த ஊருக்குத் தம்பி போயிருக்கேன்?"

18 ஜனவரி, சனி
சென்ற வருஷத்துக் குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மார்ச். என் கையெழுத்து: 'இரு நர்சுகள் தாங்க ஆறு அடி நடந்தார்.' முதல் மூன்று சொற்களின் மேல் ஒரு கோடு.

பத்திரிகையில் வெட்டவில்லை. டாக்டர் கேட்கவில்லை. நான்தான். முப்பத்தொரு வருஷம் இரண்டு சாட்சி இல்லாமல் ஒரு வரி அனுப்பாதவன். லாத்தா பிழைத்த சந்தோஷத்தில் என்று சொல்லிக்கொள்ளலாமா? கூடாது. தாங்கி நடத்தினால் அது செய்தி இல்லை. நடந்தால் செய்தி. அவ்வளவுதான்.

லாத்தாவிடம் சொன்னேன்.  "அந்தப் புள்ளையைக் கூட்டிட்டு வா" என்றாள்.

19 ஜனவரி, ஞாயிறு
குரும்பகரம் போய் முத்தையனை அழைத்து வந்தேன். வழியில் எல்லாம் சொன்னேன். 

லாத்தா திரையை விலக்கி வெளியே வந்தாள். இத்தனை வயதுக்கும் அந்நிய ஆண் முன்னால் வராதவள். முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வலக்கையில் தடி, இடக்கை சுவரில்.

ஆறு அடி. என் கைக்கடிகாரத்தில் நான்கு நிமிஷம். நான் தாங்கப் போனேன். "தள்ளிப் போடா" என்றாள். ஐந்தாவது அடியில் அவளிடமிருந்து வந்த சத்தத்தை எழுத மாட்டேன்.

"பார்த்துக்க வாப்பா. ஆணி அடிக்காம விட்டிருந்தா நான் இந்நேரம் கபுர்க்குழியில. அடிச்சதுக்கு இது. ரெண்டையும் சொல்லி உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போ."

முத்தையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "வெளிக்குப் போறதுக்கு நாலு பேர் தூக்குறாங்கன்னு எங்கம்மா அழுவுதும்மா. நீங்க ஒத்த ஆளா வந்தீங்க. அது போதும்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் கேட்டான்: "இதை ஏன் பாய் எழுதல?"

இன்றே திருத்தம் எழுதித் தபாலில் போட்டேன்.

3 பிப்ரவரி, திங்கள்
ஆசிரியரின் கடிதம். 'பத்து மாதத்துக்கு முந்தைய செய்திக்குத் திருத்தம் வாசகருக்குத் தேவையில்லை. தண்ணீர் வரி என்ன ஆயிற்று?'

4 மார்ச், செவ்வாய்
சந்தையில் முத்தையன். தாயார் பிழைத்துவிட்டாள். "ரெண்டு பேர் புடிச்சா நிக்குது பாய். அந்த ரெண்டு பேரையும் சேர்த்து எழுதிக்குங்க." சிரிக்காமல்தான் சொன்னான்.

11 மார்ச், செவ்வாய்
திருத்தத்தை மறுபடி அனுப்பினேன். பதில் வராது.

24 மார்ச், திங்கள்
நோன்பு தொடங்கிவிட்டது. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் லாத்தா வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பி, நீ எழுதுற நாற்காலி எனக்கு உசரம் சரியா இருக்குமா?"

சரியாக இருக்கும் என்றேன்.  மாரிக்கண்ணுவும் நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிப்லாத் திசை பார்த்துப் போட்டோம்.

இதைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.