பலூனுக்கு முகூர்த்தம்

தியாகராய நகர்,
வைகாசி 27

அன்புப் பேத்தி பூஜாவுக்கு ஆச்சி எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே சுவீடனில் நீயும் உன் பலூனும் சுகமாயிருக்கத் திருச்செந்தூரான் துணையிருப்பான். போனில் பேசலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பிறகு நான் பேசுவதற்கு வீடு முழுக்கப் பதில் சொல்கிறது. அதனால்தான் காகிதம்.

கல்யாண வேலை ஜரூராக நடக்கிறது. உன் அண்ணன் சக்திவேல் இரண்டு கிலோ இளைத்துவிட்டான், எல்லாம் மாப்பிள்ளை போட்டோவுக்காக. ராஜா அண்ணாமலைபுரத்து மண்டபம், ஆனி பதினாலு, காலை ஏழரைக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சு போட்டதும் மற்ற இரண்டையும் தங்கை நீ போடவேண்டும், அதே வாரம்தான் பலூன் ஏறும் வாரம் என்று நீ சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை என்கிறான் உன் அப்பா ஜவஹர், இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டுதான் சொல்கிறான். உஸ்மான் ரோட்டுக் கடையில் புடவை எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் என் மகள் விண்வெளி ஆராய்ச்சி என்று சொல்லாமல் அவன் பில் போடுவதில்லை, அந்த ஆராய்ச்சி கல்யாண வாரத்தில் மட்டும் நடக்கக்கூடாதாம். பலூன் என்றைக்குக் கிளம்பும் என்று கேட்டால் தரையில் காற்று அடங்கினால் கிளம்பும் என்கிறாய். காற்றுக்கு ஒரு தேதி கிடையாதா என்று அவனுக்கு ஆத்திரம். போன வெள்ளிக்கிழமை மயிலாப்பூர் ஜோசியரிடம் போய் பலூனுக்கே நாள் குறித்துக்கொண்டு வந்துவிட்டான், ஆனி நாலு, பத்தரைக்கு மேல், வடதிசைப் பயணம் உத்தமமாம். உன் ஆராய்ச்சி வாத்தியாருக்குச் சொல்லிவிடு. எந்த ஊர் பத்தரை என்று மட்டும் ஜோசியர் சொல்லவில்லை.

அன்றைக்கு உன் அத்தை சூடாமணியும் வந்திருந்தாள். பலூன் விடறதுக்கா ஆறு வருஷமா படிக்கிறா, பீச்சுல விக்கிறவன் ஒரே நாள்ல கத்துக்கிறானே என்றாள். நான் சும்மா இருப்பேனா. மேலே கருந்துளை என்று ஒன்று இருக்கிறது, பக்கத்தில் போனதையெல்லாம் விழுங்கும், விழப்போகிற பொருள் சுற்றிச் சுற்றிக் கொதித்து எக்ஸ்ரே வெளிச்சம் விடும், அதை நம் காற்று வழியிலேயே குடித்துவிடுகிறது, அதனால் நாற்பது கிலோமீட்டர் உயரத்துக்குக் கருவியைத் தூக்கிப் போய்ப் பார்க்கவேண்டும், பலூனை விரித்தால் பனகல் பார்க்கில் பாதி மூடும் என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பக்கத்துல போனா முழுங்கிடுமா, எங்க மாமியார் மாதிரி இருக்கே என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது இதுதான்.

உடனே, பூஜா வராட்டி என்ன, என் தீபிகா முடிச்சுப் போடட்டும் என்று மகளை முன்னால் தள்ளினாள். அத்தை மகள் சக்திவேலுக்கு முறைப்பெண் அல்லவா, அவனைக் கட்டிக்கொள்ளும் முறையில் இருப்பவள் தங்கை இடத்தில் நின்று முடிச்சுப் போடலாமா. வீடே சிரித்தது. யம்மா, கல்யாணத்தையே நிறுத்தப் பாக்குறியா என்று தீபிகா உள்ளே ஓடிவிட்டாள். அந்தச் சிரிப்போடு போயிருக்கும், ஆனால் உன் அப்பா உனக்குப் போன் போட்டு, நீ வரலைன்னா மண்டபத்துல நான் யார் மூஞ்சியில முழிப்பேன் என்று குரலை இறக்கினான், நீயும் சரிப்பா, டிக்கெட் போட்டுடறேன், என் வேலைய வேற ஒருத்தர் பாத்துக்குவாங்க என்று சொல்லிவிட்டாய்.

அந்த வேறொருத்தர் யார் பூஜா. கருவிக்குள் அந்த எக்ஸ்ரேயைப் பிடிக்கிற பதினேழு ஸ்படிகத்தையும் நீதானே ஒவ்வொன்றாகச் சோதித்து வைத்தாய், அதில் ஒன்று குளிரில் மக்கர் பண்ணும், அதன் குணம் எனக்கு மட்டும்தான் தெரியும் ஆச்சி என்று நீதானே பெருமையடித்தாய். ஆறு வருஷ வேலை ஐந்தாறு நாள் மேலே பறக்கப்போகிறது, அந்த நேரத்தில் நீ இங்கே பட்டுப்புடவையில் நின்று பன்னீர் தெளிப்பாயா. வராதே. முடிச்சுக்கு ராயப்பேட்டைச் சித்தி மகள் இருக்கிறாள், சித்தி மகள் தங்கை முறைதான், கேட்டதுமே ப்ளவுஸ் தைக்கக் கொடுத்துவிட்டாள். கல்யாணப்பெண் தமிழ்மொழியையும் நானே கூப்பிட்டுக் கேட்டேன். முடிச்ச யார் போட்டா என்ன ஆச்சி, அவுந்துராம பாத்துக்க வேண்டியது நானும் அவரும்தானே, பூஜாவ அங்கயே இருக்கச் சொல்லுங்க என்றாள். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவதும் அவள்தான். நம் வீட்டுக்கு வரும் முன்னே சதியில் சேர்ந்துவிட்டாள், பிழைத்துக்கொள்வாள்.

உன்னிடம் சொன்னதில்லை, ஐந்தாம் வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். என் அண்ணன் கல்யாணத்துக்குக் கூடமாட ஒத்தாசை வேண்டும் என்று பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிவந்தார்கள். அந்த லீவு இன்னும் முடியவில்லை.

எடுத்த காரியம் கைகூடி நீ நூறு வயது இருக்கவேண்டும். குளிருக்குக் காதை மூடு. டிக்கெட்டை ரத்து செய்ததும் முதலில் எனக்குச் சொல், உன் அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அவனைப் பெற்றவள் நான்தான்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் ஆச்சி
பேச்சியம்மாள்