பெயர் எழுதாத இரங்கல் பாடல்

வால்டன்ரோடா அரண்மனை,
28 அக்டோபர் 1716

என் பிரியமுள்ள சிபில்லாவுக்கு, உன் கணவன் டோபியாஸ் எழுதுவது. நான் நலம். உன் நலமும் உன் வயிற்றில் இருப்பவரின் நலமும் அறிய ஆவல். நௌம்பர்க்கில் உன் அம்மா மூன்று வேளையும் பார்லிக் கஞ்சியே கொடுப்பதாக எழுதியிருந்தாய். பொறுத்துக்கொள். இந்தக் கடிதத்தை ஓபோக் குழல் வாசிக்கும் யோஸ்ட் தன் வாத்தியப் பெட்டியின் அடித்துணிக்குள் வைத்துக் கொண்டுவருகிறார். தபாலில் போட்டால் அரண்மனைச் செயலர் உனக்கு முன்பே படித்துவிடுகிறார்.

பிரபு லுடோல்ஃப் திடகாத்திரமாக இருக்கிறார். நேற்று இரண்டு காட்டுப்பன்றிகளைச் சுட்டார். ஒன்றை அவரே சாப்பிட்டார். அவருடைய ஆயுளுக்காக என்னைப் போல் மனமுருகி ஜெபிப்பவர் அவருடைய வைத்தியர்களில்கூட இல்லை. பிரபு இறந்தால் நாடு ஓராண்டு துக்கம் காக்கும், அடக்கத்துக்குப் பிறகு எந்த வாத்தியமும் ஒலிக்கக் கூடாது, அரண்மனை இசைக்காரர்கள் நாங்கள் பதினான்கு பேரும் டர்னிப் கிழங்கு பிடுங்கப் போக வேண்டும்.

ஆகவே, மூன்று வாரங்களுக்கு முன் அரண்மனை அதிகாரி ஃபான் கிராப் வந்து, பிரபுவின் அடக்கத்துக்குக் குரலும் வாத்தியமும் சேர்ந்த ஒரு கான்டாட்டா எழுதச் சொன்னபோது பதறிவிட்டேன். “ஐயோ, பிரபுவுக்கு என்ன ஆச்சு?” என்றேன். “ஒண்ணும் ஆகல, வாத்தியாரே. பிரபுவோட தம்பி எர்ட்மானுக்குக் கொஞ்சம் முன்யோசனை ஜாஸ்தி” என்றார். இது ஊரில் இல்லாத வழக்கமல்ல. தன் சவப்பெட்டியின் அளவைத் தானே சொல்லிச் செய்து வைத்துக்கொண்ட பிரபுக்கள் உண்டு.

இசைக்கு நான் அதிகம் சிரமப்படவில்லை. வசந்தத்தில் பிரபுவின் பிறந்தநாளுக்கு எழுதியதையே எடுத்தேன். முரசுக்குக் கறுப்புத் துணி போர்த்தி, டிரம்பெட்டின் வாயை அடைத்து, வேகத்தைப் பாதியாக்கினால் ‘நீடு வாழ்க’ என்பதே நல்ல ஒப்பாரியாகிவிடுகிறது. எங்கள் தொழிலில் இது பாவமல்ல, சிக்கனம்.

சங்கடம் அதில் ஒருவர் தனித்துப் பாடும் ஆரியாவில் வந்தது. இப்போதைய நாகரிகம் உனக்குத் தெரியும்: முதல் பகுதியைப் பாடி, நடுப்பகுதியைப் பாடி, மறுபடியும் முதல் பகுதிக்குப் போக வேண்டும். ஃபான் கிராப் தந்த சொற்களில் முதல் பகுதி, லுடோல்ஃப் உறங்குகிறார் என்பது. நடுப்பகுதி, எர்ட்மான் எழுகிறார் என்பது. “மறுபடி முதலுக்கெல்லாம் போகாதீங்க. தம்பியோடயே முடிச்சிருங்க” என்றார். பதினெட்டு வருடத்தில் ஒரு அரண்மனை அதிகாரி இசை வடிவத்தில் அக்கறை காட்டியது இதுவே முதல் முறை.

பிறகு, ஆலயத்தில் விநியோகிக்க அச்சடித்த பாடல் புத்தகத்தைப் பிழை திருத்த அனுப்பினார்கள். முதல் பக்கத்தில் அடக்கத்தின் தேதியே இருந்தது: நவம்பர் 19. மார்ட்டின் திருநாள் விருந்து நவம்பர் 11. இந்த ஆண்டு வாத்துக்கறியைத் தம்பியின் சமையல்காரர் செய்கிறார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்று எழுதித் திருப்பினேன். ஒரு பிரதியை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

நீ இருந்திருந்தால் “உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?” என்று கேட்டிருப்பாய். நீ இல்லை. அதனால் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு பிரபுவிடம் போனேன். தேதியை விரலால் காட்டினேன். அவர் விரலைப் பார்க்கவில்லை, கான்டாட்டாவைப் பார்த்தார். “யோவ் க்ரெஸ்னர், எனக்காய்யா இது? என் தம்பிக்கு என்மேல இவ்வளவு பாசமா?” என்று கண்கலங்கினார். தேதி, தேதி என்றேன். “அச்சடிக்கிறவன் ஏதாவது ஒரு தேதி போடணும்ல? அதை விடு. டிரம்பெட் ஏன் மூணே மூணு? நான் என்ன மரக்கடைக்காரனா? ஆறு போடு” என்றார். அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் தம்பியைக் கட்டிப்பிடித்து, க்ரெஸ்னர் எல்லாவற்றையும் காட்டிவிட்டான் என்று சொல்லி நன்றி கூறினாராம். பரிமாறியவர் சொன்னார்.

மறுநாள் காலை ஃபான் கிராப் இரண்டாவது வேலையோடு வந்தார். மோட்டெட் என்கிற சிறிய ஆலயப் பாடல் ஒன்று. நான்கு குரல்கள் மட்டும், நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சொற்கள்: ‘நாவடங்கிய நல்ல ஊழியனே, இளைப்பாறு.’ அரண்மனை ஊழியர் ஒருவருக்காம். யாருக்கு என்று கேட்டேன். “பேரை அப்புறம் சேர்த்துக்கலாம், வாத்தியாரே” என்றார். ஆர்கன் வேண்டாமா என்றேன். வேண்டாமாம். கிளாவிச்சேம்பலோ பெட்டியாவது? அதுவும் வேண்டாமாம். “முன்னாடி நின்னு தாளம் காட்ட ஆள் இல்லாமலே ஓடணும். அப்படி ஒண்ணு எழுதுங்க.”

இந்த அரண்மனையில் அமர்ந்து வாசிப்பவனும் நின்று தாளம் காட்டுபவனும் ஒரே ஆள். அது யார் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

விடுப்புக் கேட்கலாமே என்பாய். ஈஸ்டருக்கு விடுப்புக் கேட்ட பஸூன் குழல்காரர் ரூப்ரெக்ட் இன்னும் கோட்டைச் சிறைக்குள்தான் இருக்கிறார். ஓபோவின் ஊதுவாய்க்கு நாணல் வாங்க யோஸ்டை மட்டும் வெளியே விட்டார்கள். அவருக்கு மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள், திரும்பிவிடுவார் என்று.

ஆகவே எழுதிக்கொண்டிருக்கிறேன், சிபில்லா. நன்றாக வருகிறது. யாரும் தாளம் காட்டாமலே ஒரு குரல் இன்னொரு குரலின் கையைப் பிடித்து நடக்கிற மாதிரி செய்திருக்கிறேன். உனக்காக நான் ஒன்றுமே எழுதியதில்லை என்று குறைப்பட்டிருக்கிறாய். டெனர் என்கிற உச்ச ஆண்குரலைக் கேட்டால் தெரியும்: அது நீ மாவு பிசையும்போது முணுமுணுக்கிற மெட்டு. நீ தப்பாகப் பாடும் இடத்தைத் திருத்தவில்லை.

மார்ட்டின் திருநாளுக்கு இங்கே வர வேண்டாம். கிறிஸ்துமஸுக்கும் வேண்டாம். குழந்தைக்கு உன் அப்பாவின் பெயரை வை. யோஸ்டிடம் பதில் எதுவும் கொடுத்தனுப்பாதே. இதைப் படித்ததும் உன் அம்மாவின் அடுப்பில் போட்டுவிடு.

குளிர்காலத்தில் எங்கள் பாடகர் யாராவது நௌம்பர்க் பக்கம் வந்து, உன் மெட்டை நான்கு குரலில் கேட்டதாகச் சொன்னால், அவருக்கு உட்கார இடம் கொடு, சூடாக ஏதாவது கொடு, யாருக்குப் பாடியது என்று பெயரைக் கேட்காதே. யாரும் அப்படிச் சொல்லாத வரைக்கும் நான் நலமாக இருப்பதாக வைத்துக்கொள்.

உன் கைகளையும், நான் இன்னும் பார்க்காத அந்தச் சிறிய கைகளையும் கடவுள் காக்கட்டும்.

உன்
டோபியாஸ் க்ரெஸ்னர்