சுத்தமான வயல்

மார்ச் 3
வயலில் மருந்து அடிப்பதை நிறுத்தி இன்றோடு ஆயிரத்து எண்பது நாள். இன்னும் பதினைந்து நாளில் மூன்று வருடம் முடியும். பத்தொன்பதாம் தேதி ஆய்வாளர் வருகிறார். மூன்று வருடமும் மருந்து படவில்லை என்று அவருக்குத் திருப்தி என்றால் இயற்கை வேளாண்மைச் சான்றிதழ். இல்லாவிட்டால் நிலமும் தெளிப்பானும் பழையபடி கணவர் கைக்குப் போகும். "மூணு வருஷம் உனக்கு. அதுக்கு மேல கேக்காத" என்று அன்று சொன்னார். எனக்கு மறக்கவில்லை. அவருக்கும் மறக்கவில்லை, அதுதான் கவலை.

மார்ச் 8
தக்காளி வரிசைகளுக்கு நடுவே நான் வேண்டுமென்றே விட்டிருக்கும் புல், மாமியார் கண்ணுக்குத் தலைவாராத பெண்.
"ரோட்டுல போறவங்க என்ன நினைப்பாங்க?"
"புல்லு இருந்தா மண்ணு காயாது அத்தை."
"மண்ணு காயாது. என் மானம்தான் காயுது."

மார்ச் 11
நாத்தனார் வந்திருக்கிறார், கையில் பெரிய பையோடு. வெறுங்கையோடு வருகிற வழக்கமே அவருக்குக் கிடையாது.

மார்ச் 15
காலையில் டவுனுக்குப் போய் மூன்று வருட வயல் குறிப்பேட்டை நகல் எடுத்தேன் — இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். திரும்பி வந்தால் வயலில் நாத்தனார். முதுகில் தெளிப்பான், மூக்கில் கைக்குட்டை.
"வந்துட்டியா! ஆபீசர் வர்றார்னு அம்மா சொன்னாங்க. வீட்டைப் பளபளன்னு தொடச்சு வெச்சிருக்க, வயலை இப்படியா விடுவ? பாவம், உனக்கு ஏது நேரம்? நானே களை மருந்து அடிச்சிட்டேன். நல்ல மருந்தாப் பாத்து வாங்கிட்டு வந்தேன்."
அய்யோ. மூணே நாள் பாக்கி. மூணே நாள்!
வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். இவரை எப்படித் திட்டுவது? வருகிறவருக்காக நானும்தானே வீட்டைத் துடைத்தேன்?
குறிப்பேட்டில் எழுதினேன்: இன்று களைக்கொல்லி. பக்கம் இருநூற்றுப் பதின்மூன்று.

மார்ச் 16
மறுபடியும் முதல் நாள்.

மார்ச் 19
கருகிய புல்லை மாமியாரும் நாத்தனாரும் கூட்டி அள்ளியும் விட்டார்கள். போன முறை 'பராமரிப்பு போதாது' என்று எழுதிவிட்டுப் போன ஆய்வாளர் இன்று வரப்பில் நின்று பூரித்துப்போனார்.
"இப்பதாம்மா வயல் வயலா இருக்கு! இயற்கைன்னா இப்படி இருக்கணும்." ஆபீஸ் சுவரில் மாட்ட நாலு படம் எடுத்தார்.
"சார், நாலு நாள் முன்னாடி மருந்து அடிச்சிருக்கு." குறிப்பேட்டைப் பிரித்துக் காட்டினேன்.
"எங்கிட்ட ஏம்மா சொல்றீங்க? படிவத்துல 'மருந்து அடிக்கவில்லை'ன்னு அச்சடிச்சே வந்திருக்கு. அடிச்சேன்னு எழுத இதுல கட்டமே இல்ல. அந்த ஒரு பக்கத்தைக் கிழிச்சிடுங்க, முடிஞ்சுது."
கிழித்தால் நிலம் எனக்கு. பக்கத்தின் மூலையைப் பிடித்தும் பார்த்தேன். இழுக்கத்தான் முடியவில்லை. கையெழுத்துப் போடாமல் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
வரப்போரம் நின்ற மாமியார், "நாங்க செஞ்சதுதான் கெடுத்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 20
"மூணு வருஷம் முடிஞ்சுது" என்று ஆரம்பித்தார் கணவர்.
"முடிச்சது யாரு? உன் அக்காவும் நானும்" என்றார் மாமியார். "எங்க தப்பை அவ தலையில கட்டாத. இன்னும் மூணு வருஷம் குடு."
கணவர் தலையாட்டினார்; வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது. என் வாயும்தான்.

ஏப்ரல் 28
புது விண்ணப்பம் கொடுக்கப் போனேன். அலுவலகச் சுவரில் என் வயல், சட்டம் போட்டு, 'முன்மாதிரி இயற்கை வயல்' என்று! வரிசையில் பின்னால் நின்ற விவசாயி என்னிடமே கேட்டார், "ஒரு புல்லு இல்லாம எப்படிங்க வெச்சிருக்காங்க?"
"நாத்தனார் ஒத்தாசை இருக்கும்" என்றேன்.

மே 30
எழுபத்தாறாம் நாள். புல் கணுக்கால் உயரம்.
நாத்தனாரிடமிருந்து போன், ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். மாமியார்தான் எடுத்துப் பேசினார்.
"வாடி, வந்து ஒரு வாரம் இரு. ஆனா வெறுங்கையோட வா."