புள்ளி குத்திய இரண்டு தாள்கள்

செயிண்ட் லூயிஸ்
9 செப்டம்பர் 1956, ஞாயிறு

அன்பு மகன் ரூஃபஸுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், அவருக்கு மட்டும் இடுப்பு வலி. உன் சுகத்தை வழக்கம்போல உன் மனைவி எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஐரீன், இதைப் படித்துக் காட்டும்போது ஒரு வரியும் விடாதே. போன கடிதத்தில் உன் சோள ரொட்டியைப் பற்றி எழுதியதை நீ முழுங்கிவிட்டாய் என்று நினைக்கிறேன், அவனிடமிருந்து அதற்குப் பதிலே இல்லை.

வியாழக்கிழமை ரேடியோவில் உன் புது ரெக்கார்டைப் போட்டார்கள். எதிர்வீட்டு ஹேட்டி ஓடிவந்து, ஓடெஸா அக்கா உங்க புள்ள வாசிக்கிறான் வாங்க என்று கையைப் பிடித்து இழுத்தாள். இடது கை நடந்துகொண்டே இருக்க வலது கை வம்புக்கு இழுக்கிறதே, அந்த வாசிப்பு உனக்கு ஆறு வயதிலேயே வந்துவிட்டது. தேவாலயப் பியானோவில் நீ அப்படி வாசித்ததற்குப் பாதிரியார் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டினார். பாட்டு முடிந்ததும் ரேடியோக்காரன், பிறவியிலேயே பார்வையில்லாத இந்தக் கலைஞருக்கு அவர் மனைவிதான் கண் என்றான். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆனவள் கண் என்றால், பதினெட்டு வருடம் நான் என்னவாக இருந்தேன்? முழங்கையை இப்படிப் பிடி, அரை அடி பின்னால் வா, படி வந்தால் நான் நிற்பேன் என்று உனக்கு நடை சொல்லிக்கொடுத்தது நான். ஆற்றங்கரை கிளப்பில் நீ முதல்முதலாக வாசித்த அன்றும், தேவாலயத்து ஜனம் என்ன பேசினாலும் பேசட்டும் என்று என் முழங்கையில்தான் வந்தாய். இப்போது பத்திரிகைப் படம் எல்லாவற்றிலும் அவள் முழங்கை. ஹேட்டி அதையும் வெட்டிக் கொண்டுவந்து, மருமக கோட்டு நல்லாருக்குக்கா என்கிறாள்.

அக்டோபர் 14 மதியம் நீ இங்கே வந்து வாசிக்கப்போகும் மண்டபத்துக்கு ஜூலையிலேயே போய்ப் பார்த்தேன். இப்போது நம் கறுப்பு ஆட்களும் முன்வாசல் வழியாகவே போகலாம். காவல்காரர் என்னம்மா தேடுறீங்க என்றார், எம் மகனுக்கு அடி எண்ணுறேன் என்றேன். மேடைக் கதவிலிருந்து பியானோவுக்குப் பதினெட்டு அடி. அந்தப் பதினெட்டு அடியும் எனக்கு வேண்டும் ரூஃபஸ். ஊரே உட்கார்ந்து பார்க்கும்போது உன் கை என் முழங்கையில் இருக்க வேண்டும்.

இதை அவள் வாயால் உனக்குச் சொல்லப் பிடிக்காமல்தான் ஒரு காரியம் செய்தேன். உன் பழைய வாத்தியார் டாலிவரிடம் போய் பிரெயில் புள்ளி எழுத்து கற்றுக்கொண்டேன். நீ பள்ளியில் இருந்தபோதே கற்றிருக்கலாம், சலவைக்கடையில் பத்து மணி நேரம் நின்று வந்தால் விரல் மடங்காது. நான்கு வாரம் கழித்து ஒரு பக்கம் முழுக்கக் குத்தி அவரிடம் நீட்டினேன். விரலால் தடவிவிட்டு, என்னம்மா எழுத்தெல்லாம் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது என்று சிரித்தார். தாளைத் திருப்பிப்போட்டுத் தடவுவதால் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டுமாம். நான் நம் கையெழுத்துப் போல இடமிருந்து குத்தியிருக்கிறேன். அவருக்கும் பார்வை இல்லாதது நல்லதாகப் போயிற்று. பின்பக்கத்துக் குழிகளைக் கண்ணால் பார்க்கிறவர்கள் அதைச் சரியாகவே படித்துவிடலாம். ஐரீனை விட்டுவிட்டுத் தனியாக வா என்று எழுதியிருந்தேன்.

அப்போதுதான் வாத்தியார் சொன்னார், உங்க மருமக முதல் கடிதத்துல இதே தப்பைத்தாம்மா பண்ணுச்சு, இப்ப ஒரு பிழை இல்லாம எழுதுது என்று. உனக்குத் தெரியாமல் ஆறு மாதமாக அவருக்கு எழுதிக் கற்கிறாளாம். எதற்கு என்று கேட்டேன். அவள் கடிதம் ஒன்றை எடுத்து விரலால் படித்துக்காட்டினார். அத்தை கடிதத்த நான் படிச்சா அவருக்கு என் குரல்தான் சார் கேக்குது, புள்ளியில எழுதிக் குடுத்தா அம்மா குரல் கேக்கும்ல என்று இருந்தது. வீடு வரும்வரை அழுதேன். அழுது முடித்ததும், இதிலும் என்னை முந்திவிட்டாளே என்று கோபம் வந்தது. ஐரீன், உன் ரகசியத்தை உடைத்துவிட்டேன், பரவாயில்லை.

தனியாக வரச் சொன்ன தாளை அடுப்பில் போட்டுவிட்டேன். உறையில் வேறு இரண்டு தாள் இருக்கிறது. சரியாகக் குத்தியது உனக்கு, அதை நீயே தடவிப் படி, எந்தக் குரலும் நடுவில் வேண்டாம். இன்னொன்றை வேண்டுமென்றே தப்பாகக் குத்தியிருக்கிறேன். உன் விரலுக்கு அது பிடிபடாது. குழியைப் பார்த்துப் படிக்க ஐரீனால்தான் முடியும். அதில் என்ன இருக்கிறது என்று அவளிடம் கேட்காதே. சரி, நானே சொல்லிவிடுகிறேன். நீயும் வா மகளே, பியானோவுக்குப் போகும்போது என் முழங்கை, திரும்பும்போது உன்னுடையது என்று அதில் இருக்கிறது.

குளிரில் கையுறை இல்லாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன் பத்து விரலையும் காப்பாராக. அவளுடையதையும்.

பதினெட்டு அடி. மறந்துவிடாதே.

உன் அம்மா
ஓடெஸா கெயின்ஸ்