எரியாத கால்

14.9.2005, புதன்

விழுப்புரம் நுகர்வோர் கோர்ட்டில் இன்று என் மனைவி செல்வியை விசாரித்தார்கள். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கியிருந்ததைக் கவனிக்காமல், வெறும் இடுப்புவலி என்று ஊசி போட்டு அனுப்பிய டாக்டரிடம் நஷ்ட ஈடு கேட்கிறோம். அவளால் இப்போது நடக்க முடியாது.

டாக்டரின் வக்கீல் அவளை மடக்கப் பார்த்தார். "ஏம்மா, உப்பளத்துல நிக்கிறவங்களுக்குக் கால் மரத்துப்போறது சகஜம்தானே?"

சக்கர நாற்காலியில் இருந்தபடியே அவள் நிதானமாகச் சொன்னாள். "இல்லீங்க சார். பாத்தியில இறங்கினா கால் வெடிப்புல உப்புத்தண்ணி பட்டு எரியும். பதினெட்டு வருஷமா எரிஞ்சுது. அன்னிக்கு எரியல. அதான் பயந்துபோய் டாக்டர்கிட்ட ஓடினேன். அவர்கிட்டயும் இதையேதான் சொன்னேன்."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். வேறு கேள்விக்குத் தாவினார். கெட்டிக்காரி! நானும் அதே உப்பளத்தில்தான் நிற்கிறேன். எனக்கு இந்தப் பதில் தோன்றியிருக்காது.

கால் எரியவில்லை என்று அன்றைக்கு அவள் முதலில் சொன்னது என்னிடம்தான். "உப்புதான், தேங்காய் எண்ணெ தடவு" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். ஆஸ்பத்திரிக்குத் தனியாகத்தான் போயிருக்கிறாள்.

அதை அவள் கோர்ட்டில் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் என்னிடமும் சொல்லவில்லை.