உருளும் அலமாரியும் என் தொப்பையும்

குரங்கணி மேல்மலை, 12-2-1956

அக்கா ஜக்கம்மாளுக்கு, ஏலக்காய்க் கிட்டங்கிச் சக்கரவர்த்தி ஒச்சப்பன் வணங்கி எழுதுவது. இருபது யானை பலத்தோடு நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

கிட்டங்கியில் சரக்கு அடுக்க இடம் போதாமல் முதலாளி அலமாரிகளுக்குச் சக்கரம் மாட்டி, தண்டவாளத்தில் நெருக்கி நிறுத்தியிருக்கிறார். தள்ளினால்தான் நடுவே வழி பிறக்கும். நேற்று நான் உள்ளே இருப்பது தெரியாமல், என்கூட வேலை பார்க்கும் பொடியன் பால்பாண்டி தள்ளிவிட்டான். மலையே நகர்ந்து வந்தது. என் தொப்பை தடுத்து நிறுத்தியது!

"உள்ள இருக்கேன்னு ஒரு சத்தம் குடுக்கப்படாதாண்ணே?" என்று அழுதேவிட்டான்.

உடனே சட்டம் போட்டேன்: உள்ளே போகிறவர் அலமாரிக் கைப்பிடியில் தன் துண்டைக் கட்ட வேண்டும், அவரே அவிழ்க்கும்வரை யாரும் தள்ளக் கூடாது.

தபாலை மலையிறக்கிக் கொண்டுபோகும் கழுதைக்காரன் அவசரப்படுத்துகிறான். இங்கே எல்லார் துண்டும் ஒரே சிவப்பு. ஒரு துண்டில் என் பேரைப் பெரிதாகத் தைத்து அனுப்பு அக்கா. உள்ளே இருப்பது ஒச்சப்பன் என்று நாலு பேருக்காவது தெரியட்டும்.